கோவையிலிருந்து சைலன்ட் வேலி: ஒரே நாளில் போய் வர முடியுமா?

கேள்வி இதுதான்: வயதான பெற்றோர், இரண்டு குழந்தைகளோடு கோவையிலிருந்து காரில் கிளம்பி, கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில் இருக்கும் சைலன்ட் வேலி தேசியப் பூங்காவை ஒரே நாளில் பார்த்துத் திரும்ப முடியுமா? எந்த மாதம் நல்லது? மிருகங்கள் கண்ணில் படுமா? ஆற்றில் குளிக்க விடுவார்களா?

போய் வரலாம், ஆனால் விடிவதற்கு முன் கிளம்ப வேண்டும். டிசம்பர் நடுவிலிருந்து மார்ச் வரை நல்ல காலம். யானை, புலி என்று எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம்தான். மழைக்காட்டையும் ஆற்றையும் பார்க்கப் போனால் மனம் நிறைந்து வருவீர்கள். ஆற்றில் இறங்க அனுமதி இல்லை. இனி விவரமாகச் சொல்கிறேன்.

முதலில் வழி. பாலக்காடு, மன்னார்க்காடு சுற்றிப் போனால் நூறு கிலோமீட்டருக்கு மேல். கோவைக்காரர்களுக்கு ஆனைக்கட்டி வழிதான் சரி: தடாகம் சாலையில் மாங்கரை, ஆனைக்கட்டி, பிறகு கேரள எல்லை தாண்டி கோட்டத்தறை, அகளி, தாவளம் வழியாகப் பூங்காவின் நுழைவு ஊரான முக்காலி. மொத்தம் எழுபது கிலோமீட்டர் சுமார். தூரம் குறைவுதான் என்றாலும் வளைவும் ஏற்றமும் குறுகலான சாலையும் இருப்பதால் இரண்டு மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும். பஸ்ஸில் போகிறவர்கள் காந்திபுரத்திலிருந்து ஆனைக்கட்டி வரை நம்மூர் பஸ், அங்கே மாறி மன்னார்க்காடு போகும் கேரள பஸ்ஸில் ஏறி முக்காலியில் இறங்கலாம். ஆனால் பஸ்ஸை நம்பி ஒரே நாளில் முடிப்பது கடினம். முதல் நாளே அகளியிலோ முக்காலியிலோ வந்து தங்கிவிடுவது புத்திசாலித்தனம்.

இந்த வழிக்கு இன்னொரு காரணமும் உண்டு. ஆனைக்கட்டியிலும் கோட்டத்தறையிலும் சாலையோரம் பார்த்தால் முள்மரம், உசிலை, காய்ந்த புல். ஆனைக்கட்டி தாண்டி முக்காலி வரை இருக்கும் மலைப்பகுதிக்கு அட்டப்பாடி என்று பெயர்; அதன் கிழக்குப் பகுதி மழைமறைவுப் பிரதேசம். மேற்கே போகப் போக மரங்கள் உயர்ந்து, பச்சை கறுத்து, முக்காலியை நெருங்கும்போது ஈரக்காற்று முகத்தில் அடிக்கும். தென்மேற்குப் பருவமழையின் பெரும்பகுதியை மேற்கே இருக்கும் மலைகள் வாங்கிக்கொள்வதால் வரும் வித்தியாசம் இது. முட்காட்டிலிருந்து மழைக்காடு வரை ஒரே காலையில் கார் ஜன்னல் வழியாகப் பார்க்கக் கிடைக்கும் இடம் அதிகம் இல்லை. ஆகவே குழந்தைகளைத் தூங்கவிடாமல் வேடிக்கை பார்க்கச் சொல்லுங்கள்.

முக்காலியில் கார் நின்றுவிடும். அங்கிருந்து உள்ளே சொந்த வண்டிக்கு அனுமதி இல்லை. வனத்துறை ஏற்பாட்டில் ஓடும் ஜீப்பில்தான் 23 கிலோமீட்டர் உள்ளே இருக்கும் சைரந்திரிக்குப் போக வேண்டும். கூடவே ஒரு வழிகாட்டி வருவார். நுழைவுக் கட்டணம், ஜீப் கட்டணம், வழிகாட்டிக் கட்டணம், கேமராவுக்குத் தனி என்று சேர்ந்து வரும். தொகை அவ்வப்போது மாறுவதால் போவதற்கு முன் முக்காலி தகவல் மையத்துக்குப் போன் செய்து கேட்டுக்கொள்ளுங்கள். அந்த அழைப்பிலேயே முன்பதிவையும் முடித்துவிடலாம். ஒரு ஜீப்பில் இத்தனை பேர்தான் என்ற வரம்பு உண்டு. உங்களைப் போல ஆறு பேர் என்றால் ஒரே ஜீப்பில் ஏற்றுவார்களா என்று அப்போதே தெளிவாகக் கேளுங்கள். நேரில் போய் நின்ற பிறகு இரண்டு ஜீப் எடுக்க வேண்டும் என்று தெரிந்தால் செலவு இரட்டிப்பாகும். ரொக்கம் கையில் இருக்கட்டும். மலைக்குள் போன் சிக்னலை நம்பிப் பணம் கட்டப் போகக் கூடாது.

பலருடைய பயணம் கெடுவது நேரக் கணக்கில்தான். காலை எட்டு மணிக்கு வண்டிகளை உள்ளே விடத் தொடங்குவார்கள், மதியம் ஒரு மணிக்கு மேல் விடுவதில்லை. இதைப் பார்த்துவிட்டு "பதினோரு மணிக்குப் போனால் போதும்" என்று நினைப்பவர்கள் உண்டு. சனி, ஞாயிறு, ஓணம், கிறிஸ்துமஸ் விடுமுறைகளில் அந்த நேரத்துக்கு ஜீப்பெல்லாம் உள்ளே போயிருக்கும். முதலில் போன வண்டி திரும்பி வர நான்கைந்து மணி நேரம் ஆகும் என்பதால் காத்திருந்தும் பயன் இல்லை. கோவையில் ஐந்து மணிக்குக் கிளம்பினால் எட்டு மணிக்குள் முக்காலி, காலை உணவு முடித்து எட்டரைக்கு ஜீப், பத்து மணி வாக்கில் சைரந்திரி, அங்கே இரண்டு இரண்டரை மணி நேரம், இரண்டு மணிக்கு முக்காலியில் சாப்பாடு. இந்தக் கணக்கில் போனால் எல்லாம் நிதானமாக நடக்கும். வார நாளாக இருந்தால் இன்னும் நல்லது.

பெற்றோர் விஷயம். ஜீப் பாதை கரடுமுரடானது. ஒரு வழிக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் குலுங்கிக்கொண்டே போக வேண்டும், திரும்பவும் அதே. முதுகுத்தண்டில் தேய்மானம் இருப்பவர்கள், சமீபத்தில் அறுவை சிகிச்சை ஆனவர்கள், கர்ப்பிணிகள் இதைத் தவிர்ப்பது நல்லது. முட்டிவலி மட்டும்தான் என்றால் தாராளமாக வரலாம். முன் இருக்கையைக் கேட்டு வாங்கிக் கொடுங்கள், பின்னால் குறுக்கு இருக்கையில் குலுக்கல் இரண்டு மடங்கு. வாந்தி வரும் குழந்தைக்கு இட்லி ஒன்றிரண்டோடு நிறுத்தி, மாத்திரையை ஜீப்பில் ஏறுவதற்கு அரை மணி முன்பே கொடுத்துவிடுங்கள். ஏறிய பிறகு கொடுத்தால் பலன் இல்லை.

சைரந்திரியில் இரண்டு விஷயங்கள். ஒன்று, சுமார் 30 மீட்டர் உயர இரும்புக் கோபுரம். ஒரே நேரத்தில் சிலரைத்தான் மேலே விடுவார்கள். உச்சியிலிருந்து பார்த்தால் பள்ளத்தாக்கு முழுவதும், நடுவில் குந்திப்புழா ஆற்றின் கோடும் தெரியும். உயரம் என்றால் தலைசுற்றுபவர்கள் முதல் தளத்தோடு நின்றாலும் மரக்கிளைகள் கண்மட்டத்துக்கு வந்துவிடும். பறவை பார்க்க அதுவே நல்ல இடம். இரண்டாவது, அங்கிருந்து ஒன்றரை கிலோமீட்டர் காட்டுப்பாதையில் நடந்து ஆற்றங்கரைத் தொங்குபாலத்துக்குப் போவது. போகும்போது இறக்கம், எல்லோரும் சிரித்துக்கொண்டே போவார்கள். திரும்பும்போது அத்தனையும் ஏற்றம். இதய நோயாளிகளும் முட்டிவலிக்காரர்களும் கோபுரத்தடியிலேயே உட்கார்ந்திருக்கலாம். அதில் அவர்களுக்கு நஷ்டம் ஒன்றும் இல்லை, பல நாட்களில் நல்ல காட்சிகள் அங்கேதான் கிடைக்கும். பாலத்தின் மேல் ஏற விடுவார்களா என்பது பாலத்தின் அன்றைய நிலையையும் ஆற்று வெள்ளத்தையும் பொறுத்தது, வழிகாட்டி சொல்வதைக் கேளுங்கள்.

ஆற்றைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியே ஆக வேண்டும். நீலகிரியின் மேற்கு விளிம்பில் பிறந்து, உயரத்திலிருந்து வேகமாக இறங்கி, பூங்காவுக்குள் சுமார் 15 கிலோமீட்டர் தெற்கு நோக்கி ஓடுகிறது குந்திப்புழா. வழியில் ஊர் இல்லை, தோட்டம் இல்லை, சாக்கடை இல்லை. அதனால்தான் கோடையிலும் தண்ணீர் வற்றாமல், அடியில் கிடக்கும் கூழாங்கல் ஒவ்வொன்றும் தெரிகிற தெளிவோடு ஓடுகிறது. காட்டுத் தரையில் இலைகள் உதிர்ந்து மக்கிய படிவு மழையைப் பிடித்து வைத்துக்கொண்டு மெல்ல விடுகிறது. அந்த மக்கை அரித்துவிட்டால் மழைக்காலத்தில் சேற்று வெள்ளமும் கோடையில் வெறும் பாறையும்தான் மிஞ்சும். குளிக்க விடாததற்குக் காரணம் இரண்டு. சோப்பும் எண்ணெயும் ஒரு பக்கம், மேலே மலையில் பெய்யும் மழை கீழே தெரியாமலே திடீர் வெள்ளமாக வருவது இன்னொரு பக்கம்.

முக்காலியில் ஓடும் ஆறு இது அல்ல, அது நம் பவானி. நீலகிரியிலிருந்து இறங்கி முக்காலியில் கிழக்கே திரும்பி, அட்டப்பாடி வழியாகத் தமிழ்நாட்டுக்குள் வந்து, பவானிசாகர் தாண்டிக் காவிரியில் கலக்கிறது. ஜீப் பாதை ஏறி இறங்குகிற மலைமுகட்டுக்கு அந்தப் பக்கம் குந்திப்புழா தூதப்புழாவோடு சேர்ந்து, பாரதப்புழாவாகப் பொன்னானியில் அரபிக்கடலை அடைகிறது. ஒரே மலையில் பெய்த மழை, இந்தப் பக்கம் விழுந்தால் வங்கக்கடல், அந்தப் பக்கம் விழுந்தால் அரபிக்கடல். ஈரோட்டு வயலுக்குப் பாயும் தண்ணீரில் ஒரு பங்கு இந்தக் காடுகள் கொடுப்பது என்பதைக் குழந்தைகளுக்கு அங்கே நின்று காட்டலாம்.

சைரந்திரியில் நிற்கும்போது தெரிந்திருக்க வேண்டிய வரலாறு ஒன்று உண்டு. கேரள மின்வாரியம் 130 மீட்டர் உயர அணை கட்டி 120 மெகாவாட் மின்சாரம் எடுக்கத் திட்டமிட்டது இந்த இடத்தில்தான். 1973-ல் திட்டக்குழு ஒப்புதலும் கிடைத்தது. மூழ்கப் போவது 8.3 சதுர கிலோமீட்டர் மட்டும்தானே என்று வாதிட்டார்கள். ஆனால் அந்த எட்டுச் சொச்சம் சதுர கிலோமீட்டர், பள்ளத்தாக்கின் அடித்தளம். ஆற்றை ஒட்டிய மிகச் செழிப்பான காடு. அறிவியலை மக்களிடம் கொண்டுபோகும் கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத் என்ற அமைப்பு, தாவரவியல் பேராசிரியர் எம்.கே.பிரசாத், கவிஞர் சுகதகுமாரி, பறவையியலாளர் சாலிம் அலி எனப் பலரும் எதிர்த்தார்கள். விஞ்ஞானி எம்.ஜி.கே.மேனன் தலைமையில் அரசு அமைத்த குழு ஆராய்ந்த பிறகு திட்டம் கைவிடப்பட்டு, 1984-ல் தேசியப் பூங்கா அறிவிப்பு வந்தது. 1985 செப்டம்பரில் ராஜீவ் காந்தி திறந்து வைத்தார். அப்போது 89.52 சதுர கிலோமீட்டர். 2007-ல் சுற்றியுள்ள 148 சதுர கிலோமீட்டர், பூங்காவைக் காக்கும் வெளிவளையமாக (பஃபர் மண்டலம்) சேர்ந்தது. வடகிழக்கே நம் முக்குர்த்தி தேசியப் பூங்காவோடு காடு தொடர்கிறது. கோபுரத்தில் ஏறி ஆற்றுப் பக்கம் பாருங்கள். அணை வந்திருந்தால் அந்தப் பச்சை இருக்கும் இடத்தில் தண்ணீர் நின்றிருக்கும்.

இனி மிருகங்கள். முதுமலையில் ஒரு மணி நேரத்தில் ஐம்பது புள்ளிமான் பார்த்துப் பழகியவர்களுக்கு இங்கே ஒன்றுமே இல்லாததுபோல் தோன்றும். காரணம் எளிது. இலையுதிர் காட்டில் வெயில் தரை வரை விழுவதால் புல் வளரும், புல் மேய மான் வரும், மரங்களுக்கிடையே தொலைவும் தெரியும். மழைக்காட்டில் வெளிச்சம் மேலேயே நின்றுவிடுகிறது. உணவின் பெரும்பகுதி முப்பது நாற்பது மீட்டர் உயரத்தில். ஆகவே உயிர்கள் பலவும் அங்கேதான். யானை, புலி, சிறுத்தை, காட்டுமாடு எல்லாம் இங்கே உண்டு. ஜீப்பில் போகிறவர் கண்ணில் படுவது அதிர்ஷ்டம். கீழே தேடாமல் அண்ணாந்து பார்க்கப் பழகுங்கள்.

பார்க்க வாய்ப்புள்ளவை மூன்று. முதலாவது சிங்கவால் குரங்கு எனும் சோலைமந்தி. உடல் கறுப்பு, முகத்தைச் சுற்றி நரைத்த பிடரி, வால் நுனியில் சிறு குஞ்சம். கருமந்தியோடு பலர் குழப்பிக்கொள்கிறார்கள். கருமந்திக்குப் பிடரி இல்லை, தலைமுடி பழுப்பு, வால் உடலைவிட நீளமாகத் தொங்கும், இலை தின்றுகொண்டு ஒரே மரத்தில் நெடுநேரம் உட்கார்ந்திருக்கும், காலையில் "ஹூ... ஹூ..." என்று காடு முழுக்கக் கேட்கக் கத்தும். சோலைமந்தி அப்படி உட்காராது. கூட்டமாக, கிளைக்குக் கிளை பழம், பூச்சி, கொட்டை என்று துழாவிக்கொண்டே நகரும்.

சோலைமந்தியைத் தேட வேண்டுமானால் வெடிப்பலா மரத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். வழிகாட்டியிடம் கேட்டால் காட்டுவார். இலையின் அடிப்பக்கம் செம்பும் வெள்ளியும் கலந்த மினுமினுப்பு, காற்றில் புரளும்போது தூரத்திலேயே தெரியும். உருண்டையான காய், மேலெல்லாம் கூர்மையான முள். கிளைகளில் நேரடியாகக் கொத்துக் கொத்தாக ஒட்டியிருக்கும். பூவுக்கு இதழே கிடையாது, மங்கிய பழுப்புக் குழல்களாகக் கிளையை மூடிக்கொண்டு பூக்கும். வேறு மரங்களில் உணவு குறையும் மாதங்களில் சோலைமந்தி இந்தப் பூவின் தேனையும், முற்றாத காயைக் கடித்துத் திறந்து உள்ளிருக்கும் விதையையும் தின்று வாழ்கிறது. பாதையில் கடித்துப் போட்ட முள்தோல் பச்சையாகக் கிடந்தால் ஜீப்பை நிறுத்தி, எஞ்சினை அணைத்துவிட்டு, ஐந்து நிமிடம் பேசாமல் இருங்கள். கூட்டம் தலைக்கு மேலேயே இருக்கலாம்.

அடுத்தது மலையணில். செம்பழுப்பும் கறுப்புமாக, வாலோடு சேர்த்து மூன்றடி வரை நீளம். கடகடவென்று அது கத்துவதைக் கேட்டுப் பறவை என்று நினைத்துவிடாதீர்கள். மூன்றாவது இருவாச்சி. பறக்கும்போது இறக்கையிலிருந்து வரும் ஓசை பழைய நீராவி ரயில் மூச்சுவிடுவதுபோல் இருக்கும், பறவை தெரிவதற்கு முன்பே அது கேட்டுவிடும். வரையாடுகள் மேலே அங்கிண்டா, சிஸ்பாரா புல்வெளிகளில். சாதாரணச் சுற்றுலாவில் அங்கே போக முடியாது.

பைனாகுலர் வாங்குவதானால் 10×42-ஐ விட 8×42 இங்கே நல்லது. காட்டுக்குள் வெளிச்சம் குறைவு. பெருக்கம் குறைந்தால் கண்ணுக்கு வந்து சேரும் ஒளி கூடும், கை நடுக்கமும் குறைவாகத் தெரியும், குழந்தைகள் எளிதில் இலக்கைப் பிடிப்பார்கள். போனில் படம் எடுக்கும்போது பின்னால் வெள்ளை வானம் இருந்தால் குரங்கு வெறும் கறுப்பு நிழலாக விழும். திரையில் குரங்கின் மேல் விரலை வைத்து வெளிச்சத்தைக் கூட்டிக்கொள்ளுங்கள். எந்த மிருகத்துக்கும் உணவு போடாதீர்கள். வால்பாறை புதுத்தோட்டம் பகுதியில் மனித உணவுக்குப் பழகிய சோலைமந்திகள் சாலைக்கு இறங்கி வண்டியில் அடிபட்டுச் சாகின்றன. அந்த நிலை இங்கே வரக்கூடாது.

மழைக்காலத்தில் போகலாமா என்ற சந்தேகமும் வரும். ஜூன் முதல் செப்டம்பர் வரை காடு மிக அழகு, ஆனால் உங்கள் குடும்பத்துக்கு அது சரிப்படாது. கோபுரத்திலிருந்து மேகம் மட்டுமே தெரியும், கனமழையில் பூங்காவையே மூடிவிடுவார்கள், மன்னார்க்காடு பக்கம் மலைப்பாதையில் மண் சரியும். அட்டையும் அப்போதுதான் அதிகம். அக்டோபர், நவம்பரிலும் மழைக்கு மறுநாள் அட்டை இருக்கும். நெருக்கமாக நெய்த அட்டைக்காலுறையைப் பேண்ட்டின் மேல் முட்டி வரை இழுத்துக் கட்டிக்கொள்வதுதான் உறுதியான பாதுகாப்பு; சாதாரண சாக்ஸின் இழைகளுக்குள் அது புகுந்துவிடும். நடக்கும்போது ஓரிடத்தில் நிற்காதீர்கள். கடித்துவிட்டால் நெருப்பு, உப்பு என்று போகாமல், வாய் இருக்கும் மெல்லிய நுனியில் நகத்தைத் தோலோடு ஒட்டி நுழைத்துத் தள்ளுங்கள், பிறகு தடித்த நுனியையும் அப்படியே. சுட்டாலோ உப்பு போட்டாலோ அது வயிற்றில் இருப்பதைக் காயத்துக்குள் கக்கும், சீழ் பிடிக்க அதுவே காரணமாகலாம். இரத்தம் உறையாமல் தடுக்கும் பொருளை அது செலுத்தியிருப்பதால் கொஞ்ச நேரம் கசியும்; சுத்தமான துணியை அழுத்திப் பிடித்தால் போதும். அப்பாவோ அம்மாவோ இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவராக இருந்தால், அட்டைக் காலத்தில் நடைப்பாதைக்கு வரவே வேண்டாம்.

கோடையின் இறுதியில் வேறு பிரச்சினை. மேலே புல்வெளிகளில் தீ அபாயம் கூடும்போது நுழைவை நிறுத்திவைப்பது உண்டு. ஏப்ரலில் போவதானால் முந்தைய நாள் மாலை ஒருமுறை போன் செய்து உறுதிப்படுத்திக்கொண்டு கிளம்புங்கள்.

எடுத்துப்போக வேண்டியவை அதிகமில்லை. பிளாஸ்டிக் தடை என்பதால் ஆளுக்கு ஒரு லிட்டர் ஸ்டீல் பாட்டில். உள்ளே கடை இல்லை, ஆகவே வாழையிலையிலோ டப்பாவிலோ ஏதாவது சிற்றுணவு. முக்காலியிலேயே கேட்டு அனுமதி இருப்பதை மட்டும் கொண்டுபோங்கள். பச்சை, பழுப்பு, சாம்பல் நிற உடை. பிடிமானம் உள்ள ஷூ. பாலத்துக்குப் போகும் பாதையில் ஈரவேரும் பாசிக்கல்லும் செருப்பை வழுக்கிவிடும். ஏற்றத்தில் பிடிமானத்துக்காகப் பக்கத்துச் செடியைப் பிடிக்காதீர்கள், இலை நிறத்திலேயே குழிவிரியன் எனும் விஷப்பாம்பு அங்கே சுருண்டிருக்கலாம்.

மொழிக்குக் கவலை வேண்டாம். அட்டப்பாடியில் தமிழ் நன்றாகவே புழங்கும். இருளர், முடுகர், குறும்பர் ஊர்கள் நிறைந்த பகுதி இது; வழிகாட்டிகளிலும் காவலர்களிலும் அந்த மக்கள் இருக்கிறார்கள். காட்டின் எந்த மரம் எப்போது காய்க்கும் என்று அறிந்தவர்களிடம் "யானை எங்கே?" என்று மட்டும் கேட்டு நேரத்தை வீணாக்காமல், மரங்களைப் பற்றிக் கேளுங்கள். ஊர்களுக்குள் கேட்காமல் படம் எடுக்க வேண்டாம்.

திரும்பும்போது முக்காலியில் மூன்று மணிக்குள் வண்டியை எடுத்துவிடுங்கள். ஆனைக்கட்டிக்கும் மாங்கரைக்கும் இடையே மாலையில் யானைகள் சாலையைக் கடக்கும். எதிரே யானை நின்றால் தூரத்திலேயே வண்டியை நிறுத்தி, ஹாரன் அடிக்காமல், விளக்கைத் தாழ்த்தி, பின்னால் வரும் வண்டிக்கு இடம் விட்டுக் காத்திருங்கள். குட்டி கடந்துவிட்டது என்று கிளம்பக் கூடாது, பெரும்பாலும் அதற்குப் பின்னாலும் ஒன்றிரண்டு பெரிய யானைகள் வரும். இருட்டிவிட்டால் அகளியில் தங்கிவிட்டுக் காலையில் வருவதே நல்லது. அறை வாடகையைப் பார்த்து இரவில் அந்தச் சாலையில் வர வேண்டாம்.